தாயக்கட்டம், பல்லுக்காரன், மீன்முள்

சங்கரன்கோவில்,
ஜூலை 9

என் கோட்டிக்காரி கோமுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நான் ஓட்டுகிற தறியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் புத்தக மூட்டையும் சுகமா? எழுத்தில் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து அனுப்பு. அஞ்சாங்கிளாஸோடு நின்ற படிப்பை உன் புண்ணியத்தில் தொடர்ந்துகொள்கிறேன்.

டாக்டர் படிப்புக்குக் கோச்சிங் கொடுக்கிற ஹாஸ்டல் என்றால் ஃபோன் கூடாது, சரி. மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் ஃபோனில் பேச விடுகிறார்களே, அதையும் உன் அப்பா "என்ன மார்க்கு, எத்தனாவது ரேங்கு" என்று கேட்டே தீர்த்துவிடுகிறார். ஃபோன் என் காதுக்கு வரும்போது "டைம் முடிஞ்சிருச்சு" என்கிற வார்டன் அம்மா குரல்தான் மிச்சம். நான் பெற்றது உன்னையா அந்த அம்மாவையா என்று சந்தேகமே வந்துவிட்டது. அதனால்தான் லெட்டர்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போன ஃபோன் "இடம் இல்லை, இடம் இல்லை" என்று காலையும் மாலையும் அழுகிறது. எல்லாம் உன் சித்தி அனுப்புகிற காலை வணக்கப் பூக்கள்தான். நம் பூ மார்க்கெட்டில்கூட அவ்வளவு பூ கிடையாது. ஆஷிக் அலியின் செல்ஃபோன் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "யக்கா, பாட்டுப் பண்ணுத ஆப்பே மூணு வெச்சிருக்கா உங்க மக. ஒண்ணு போதும்லா, ரெண்டத் தூக்கிருவமா?" என்றான். தூக்குவதற்கு அதென்ன சப்பரமா? "அவளக் கேக்காம தொடக்கூடாதுய்யா" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து மூன்றையும் திறந்து பார்த்தேன். பெயரெல்லாம் இங்கிலீஷ், வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்துவிட்டேன். கட்டம் கட்டமாக இருப்பது தாயக்கட்டம். வெள்ளையும் கறுப்புமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது பல்லுக்காரன். பேசினால் முள் முள்ளாகக் கோடு ஓடுகிறதே, அது மீன்முள். இதில் எது இருக்கணும், எது போகணும்? நீ சொல்கிறபடி செய்கிறேன். தாயக்கட்டத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டேன், டொம் என்றது. பயந்து ஃபோனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். இப்போது எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், கவலைப்படாதே.

உன் அம்மா
பொன்செல்வி


நாமக்கல்,
ஜூலை 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் லெட்டர் ஞாயிற்றுக்கிழமை கையில் வந்தது. சிரித்ததில் பக்கத்துக் கட்டில் பிள்ளை எழுந்துவிட்டாள். சிவப்பு மை போதவில்லை, மன்னித்து விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது, தெரிந்துகொள். லெட்டரை ஞாயிறு அன்றுதான் தருவார்கள். அதுவும் அந்த வாரத் தேர்வில் அவர்கள் போட்ட கோட்டைத் தாண்டினவர்களுக்கு மட்டும். தாண்டாதவர்களின் லெட்டர் ஆபீஸ் மேசையிலேயே கிடக்கும். மனம் சிதறக்கூடாதாம். உன் லெட்டரை வாங்குவதற்காக நான் பிசிக்ஸ் படித்தேன் என்று அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

மூன்று ஆப்பையும் தொடாதே. ஒன்று போதும் என்று ஆஷிக் அண்ணன் சொல்வது, சோற்றுக்கும் குழம்புக்கும் ஒரே ஏனம் போதும் என்பதுபோல. எத்தனையோ போட்டுப் பார்த்து அழித்த பிறகு நான் வைத்துக்கொண்டவை இவை. சிலது நெட் இல்லாமல் ஓடாது. சிலது விரல் தொட்டு அரை மூச்சு கழித்துத்தான் ஒலிக்கும், தாளத்துக்கு அது உதவாது. தாயக்கட்டம் தொட்டவுடன் ஒலிக்கும். நம் பழைய ஃபோனும் அதைத் தாங்கும். மெட்டுத் தேடுவதற்குப் பல்லுக்காரன். வெளியில் கேட்கிற சத்தத்தைப் பிடித்து வெட்டி எடுக்க மீன்முள். பிடித்ததைத் தாயக்கட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்கலாம்.

தாயக்கட்டத்தில் ஒரே குறை, அதில் செய்த பாட்டை வெளியே எடுக்க விடாது. பாட்டு அதற்குள்ளேயேதான் குடியிருக்கும். ஆப்பை அழித்தால் பாட்டும் போய்விடும். இடம் வேண்டுமென்றால் சித்தியின் பூக்களை அழி.

திறந்தவுடன் முதலில் வருகிறதே, அந்தப் பாட்டு பாதியில் நிற்கிறது. பஸ் ஏறுகிற அன்று காலைவரை செய்துகொண்டிருந்தேன். அடியில் ஓட ஒரு சத்தம் வேண்டும், எந்த ஆப்பிலும் அது இல்லை. உன் தறிச் சத்தம்தான் அது. பிடித்து வைப்பாயா? எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாது என்று தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். நீ என் விரல் மாதிரி இரு அம்மா. இங்கே மேசையில் வெறும் விரலால் தட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கோமு


சங்கரன்கோவில்,
ஜூலை 29

என் தாளக்காரிக்கு,

அம்மன் கோவிலில் ஆடித்தபசுக் கொடி ஏறிவிட்டது. தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர். இந்த இரைச்சலில் உனக்குத் தறிச் சத்தம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன் பார், எனக்கு யாராவது மாலை போடணும்.

மீன்முள்ளைத் திறந்து, ஃபோனைத் தறிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றேன். மேஸ்திரி தங்கப்பழம் அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"என்னம்மா பொன்செல்வி, தறிக்குக் காய்ச்சல் பாக்கியா?"

"இல்ல அண்ணாச்சி, அது பேசுதத எம்மக கேக்கணுமாம்."

"நாம பேசுததயே ஒருத்தனும் கேக்கான் இல்ல" என்று சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலும் உள்ளே போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரு தடவை பிடித்தேன். அதில் இழை அறுந்ததற்கு நான் தறியைத் திட்டினது முழுசாக விழுந்துவிட்டது. அதைக் கேட்கிற வயசு உனக்கு வரவில்லை, அழித்துவிட்டேன்.

பிறகு உன் படத்தாளைத் தரையில் விரித்து, ஒரு வரிக்கு ஒரு விரல் வைத்துக்கொண்டு செய்தேன். பல்லுக்காரனைத் திறந்தால் நடுவில் ஒருத்தி வந்து முகத்துக்குக் க்ரீம் பூசச் சொல்கிறாள். "தாயி, அந்த வயசெல்லாம் போச்சு" என்று மூடினேன். மூட விடாமல் மறுபடியும் வருகிறாள். என்ன ஜென்மமோ.

தாயக்கட்டத்தில் தறியை வைத்து ஓடவிட்டேன் கோமு. நாள் முழுக்கக் கேட்டு என் காது செத்துப்போன சத்தம்தான் அது. உன் பாட்டுக்குள்ளே நடந்து வரும்போது வேறு யாரோ மாதிரி இருந்தது. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தது என்று வைத்துக்கொள். நான் பிடிக்கப்போய் இப்படி வந்ததா என்று திரும்பத் திரும்பப் போட்டதில் உலையில் சோறு குழைந்துவிட்டது. உன் அப்பா கஞ்சிதான் குடித்தார்.

இதோடு கோவில் புற்றுமண் கொஞ்சம் வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொள். வார்டன் அம்மா என்ன பொடி என்று கேட்டால், ரேங்க் வரும் பொடி என்று சொல். அவர்களும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்வார்கள்.

உன் அம்மா


நாமக்கல்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள அம்மா,

லெட்டர் கிடைத்தது. கோட்டை இந்தத் தடவை தொட்டுக்கொண்டுதான் தாண்டினேன்.

தங்கப்பழம் பெரியப்பாவின் இருமலை எடுக்காதே. தறி நான்கு தடவை ஓடின பிறகு அந்த இருமல் வரட்டும். அது வருகிற இடத்தில் பல்லுக்காரனில் நான் குறித்திருக்கிற மூன்று பல்லை மெதுவாகத் தொட்டு, அந்தச் சத்தத்தையும் தாயக்கட்டத்துக்குள் கொண்டுபோய் வை. கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தறியை மட்டும் தனியாக ஓடவிடு, பிறகு அதையும் நிறுத்து. அவ்வளவுதான் பாட்டு. படத்தாள் உள்ளே இருக்கிறது.

அம்மா, இன்னொன்று. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. படிக்கிற ஹாலில் என்னை அறியாமல் கை மேசையில் தட்டிவிடுகிறது. பக்கத்துப் பிள்ளைகள் புகார் சொன்னதால், வார்டன் மேடம் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். நின்றால் கால் தட்டுகிறது. மார்க் இறங்கிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் பரீட்சையை ஒரு தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவை எழுதினாலும் எனக்கு இது வராது அம்மா. சத்தத்தைப் பதிவு செய்கிற படிப்பு சென்னையில் இருக்கிறது. அதற்கு என்னை விடச் சொல்லி அப்பாவிடம் கேள். என்னை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல். ஆபீஸ் ஃபோனில் பேசும்போது வார்டன் மேடம் பக்கத்திலேயே நிற்கிறார்கள். என்னால் சொல்ல முடியாது, நீதான் சொல்லணும்.

சிரிக்கவைத்துச் சொல்லாதே. நேராகச் சொல்.

கோமு


சங்கரன்கோவில்,
ஆகஸ்ட் 20

கோமுவுக்கு,

நீ சொன்னபடி நேராகத்தான் சொன்னேன். உன் அப்பா மெடிக்கல் கடையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், தட்டை வைத்துவிட்டு, நீ எழுதின வரிகளை அப்படியே வாசித்தேன். வாசிக்கும்போது ஒரு இடத்தில் திக்கியது, அதற்கு என் படிப்புதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னார், "இத்தன வருசமா ஊர்ல உள்ள டாக்டர் எழுத்தையெல்லாம் படிச்சி மாத்திரை எடுத்துக் குடுக்கேன். எம்பிள்ள எழுதுன சீட்டு ஒண்ண ஒருநாள் படிக்கணும்னு நெனச்சேன். அது தப்பா?"

தப்பு என்று எப்படிச் சொல்வேன்? நீயே சொல். "அவளுக்குத் தூக்கம் வரலையாம்" என்றேன். "பரிச்ச வருதுன்னா யாருக்குத் தூக்கம் வரும்" என்றார். பிறகு சாப்பிடாமலே எழுந்துவிட்டார். நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன், நீ கூடாது என்று எழுதியிருந்தாய், வாயை மூடிக்கொண்டேன். சிரிக்கவைக்காமல் பேச எனக்கு வராது கோமு. நம் வீட்டில் என் பேச்சு செல்லுபடியாவதே அதனால்தான்.

ஆனால் ஒரு சங்கதி சொல்கிறேன், கேள். பாட்டை முடித்துவிட்டேன். இருமல், மூன்று பல், கடைசியில் தறி மட்டும் தனியாக, எல்லாம் உன் படத்தாள்படி. அடுத்த நாள் காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், உன் அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஃபோனைக் காதில் அமுக்கி வைத்திருக்கிறார். யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தேன். வாய் அசையவில்லை. தறிச் சத்தம் மெல்லக் கேட்டது. நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன். அதிலிருந்து தினமும் கடைக்குப் போகும் முன்னால் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஒரு தடவை கேட்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. எந்த ஆப் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ.

கொஞ்சம் பொறுத்துக்கொள். அந்த மனுஷன் மெல்லத்தான் கரைவார். சீக்கிரம் பதில் எழுது.

அம்மா


நாமக்கல்,
செப்டம்பர் 11

அம்மா,

நீ எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையில் உன் உறைகள் இருக்கின்றன. 'நாமக்கல்' என்பதை நீ மட்டும்தான் அப்படிக் கோணலாக எழுதுவாய். கை நீட்டினால் எட்டிவிடும். வார்டன் மேடத்திடம் கேட்டேன். "அம்மா லெட்டர் வேணும்னா மார்க் வாங்கு" என்றார்கள்.

மார்க் இறங்கினதால் ஆபீஸ் ஃபோனும் எனக்குக் கிடையாது என்றுவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னாயா, அவர் என்ன சொன்னார், ஒன்றும் தெரியவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் யோசித்துப் பார்த்தேன். பாட்டு அந்த ஃபோனுக்குள் இருக்கிறவரை என் கை நிற்காது. எங்கேயோ பாதியில் இருக்கிறது, முடிக்கணும், முடிக்கணும் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. அது இல்லை என்று ஆகிவிட்டால் நின்றுவிடும். நின்றால் படிப்பேன், படித்தால் மார்க், மார்க் வந்தால் உன் லெட்டர்.

மூன்று ஆப்பையும் அழித்துவிடு. ஆஷிக் அண்ணன் வேறு ஃபோனில் பிடித்து வைக்கவா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல். ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. உன்னை எனக்குத் தெரியும், எங்கேயாவது ஒளித்து வைப்பாய். கோமதியம்மன் மேல் சத்தியம் போடுகிறேன் அம்மா. இந்த லெட்டர் கிடைத்த அன்றே அழி.

கோமு


சங்கரன்கோவில்,
செப்டம்பர் 22

கோமு,

அழித்துவிட்டேன்.

அம்மன் பேரைச் சொல்லிக் கட்டிப்போட்டுவிட்டாய். நம் ஊரில் அந்தப் பேருக்கு மேல் அப்பீல் ஏது? உன் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் பல்லுக்காரனை அழித்தேன். க்ரீம்காரியும் அதோடு போனாள். அடுத்து மீன்முள். தாயக்கட்டத்தை அமுக்கிப் பிடித்ததும் "அழிக்கவா?" என்று கேட்டது. தமிழில் கேட்டது. இங்கிலீஷில் கேட்டிருந்தால் புரியவில்லை என்று விட்டிருப்பேன்.

ஆஷிக் அலி கடைப் பக்கமே போகவில்லை. போனால் மனசு மாறிவிடும்.

மறுநாள் காலையில் உன் அப்பா ஃபோனை எடுத்தார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். சட்டைப் பித்தான் பாதி போட்டபடி நின்றது. "ஏட்டி, அந்தத் தறிப்பாட்டு எங்க?" என்று கேட்டார். கோமு, இத்தனை நாளில் அதைப் பற்றி என்னிடம் அவர் பேசின முதல் வார்த்தை அது. அவள் சத்தியம் போட்டுவிட்டாள், அழித்துவிட்டேன் என்றேன்.

"சத்தியம் அவ போட்டா. நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நியாயம்தான். உன் பாட்டைப் பற்றி அவரிடம் கேட்கணும் என்று எனக்குத் தோன்றுமா, சொல். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. "திரும்பச் செஞ்சிருவாளா?" என்று மட்டும் கேட்டார். எனக்கென்ன தெரியும், நான் வெறும் விரல்.

உங்கள் ஆபீசுக்கு அவரே ஃபோன் போட்டார். உன்னிடம் கொடுக்கவில்லை. "இந்த வாரம்தான் மேல ஏற ஆரம்பிச்சிருக்கா சார், நடுவுல வந்து கெடுத்துடாதீங்க" என்று வார்டன் அம்மா சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் குழம்பிவிட்டது. "அவ ஒரு வரி எழுதட்டும், வாங்கன்னு. நான் போயிக் கூட்டிட்டு வாரேன். சென்னையோ எதுவோ பொறவு பாப்போம்" என்கிறார். உன் அப்பா வாயால் சொன்னது இது. நான் சேர்த்த சரக்கு ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வரி எழுது. இந்த உறையின் பின்பக்கம் வார்டன் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன், இதை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள் என்று. கொடுப்பார்களா தெரியவில்லை. கொடுத்தால்தானே நான் இதைச் சொன்னது உனக்குத் தெரியும்.

அம்மா


நாமக்கல்,
அக்டோபர் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நேற்று எல்லாக் கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. கோட்டை நன்றாகவே தாண்டியிருக்கிறேன். எங்கள் பிரிவில் ஏழாவது ரேங்க். அப்பாவிடம் சொல்லவும்.

கடிதங்களைத் தேதிப்படி அடுக்கிப் படித்தேன். அப்பா பாட்டைக் காதில் வைத்துக் கேட்டது ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் இருந்தது.

கூட்டிக்கொண்டு போக வருவதற்கு ஒரு வரி கேட்டிருந்தாய். இப்போது வர வேண்டாம். பாட்டைத் திரும்பச் செய்வேனா என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தாய். நினைத்துப் பார்த்தேன். தறி ஓடுவது ஞாபகம் இருக்கிறது. இருமலுக்குப் பிறகு என்ன வரும் என்று ஞாபகம் வரவில்லை. அந்த மூன்று பல் எவை என்றும் தெரியவில்லை. நீ செய்ததை நான் கேட்கவும் இல்லை அல்லவா.

கை இப்போது மேசையில் தட்டுவதில்லை. நன்றாகத் தூங்குகிறேன். வார்டன் மேடம் பாராட்டினார்கள். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
ச. சங்கரகோமதி
சி பிரிவு


சங்கரன்கோவில்,
அக்டோபர் 20

கோமுவுக்கு,

இனி என் லெட்டர் தடையில்லாமல் உன் கைக்கு வரும் என்பதால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். அதனாலேயே ஒன்றும் வரவில்லை. மேசையில் கிடந்தபோது எவ்வளவு எழுதினேன்.

உன் லெட்டரை அப்பா படித்தார். "ஏழாவது ரேங்கு" என்று தங்கப்பழம் அண்ணாச்சிவரை சொல்லியாகிவிட்டது. அண்ணாச்சி "அந்தப் பாட்டுல என் இருமல் எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டார். பிரமாதம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று உன் அப்பா பையில் வேட்டி சட்டை எடுத்து வைத்தார். நாமக்கலுக்கு எந்த பஸ் என்று கேட்டார். கொஞ்சநேரம் கழித்து வேட்டி சட்டையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டார். பை மட்டும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நானும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. நீ நன்றாகத் தூங்குகிறேன் என்கிறாய், படிக்கிறேன் என்கிறாய். இதற்கு மேல் ஒரு தாய் எதைச் சொல்லி ஓடி வருவாள்? உன் படத்தாள்களை வைத்துக்கொண்டு அந்த மூன்று பல் எவை என்று பார்த்து வைத்திருக்கிறேன். தொட்டுப்பார்க்க இப்போது எதுவும் இல்லை.

உன் லெட்டரில் ஒரு பிழைகூட இல்லை கோமு. சிவப்புப் பேனா வாங்கி வைத்திருந்தேன், வேலையில்லாமல் போயிற்று.

உன் சித்தி பூ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். இருந்தாலும் ஃபோன் முன்மாதிரி அழுவதில்லை. உள்ளே இடம் நிறையக் கிடக்கிறது.

அம்மா